நாம் நடும் மரம் யாருக்கு வீடு?



ஜூன் மாதம் முதல் வாரம் வந்துவிட்டால் நம் பங்குகளில் மரக்கன்று நடும் விழா தவறாமல் நடக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை முதல் கன்றை நடுகிறார். பேரவைத் துணைத்தலைவர் இரண்டாவது கன்றை நடுகிறார். மறைக்கல்வி மாணவர்கள் வரிசையில் நின்று தண்ணீர் ஊற்றுகிறார்கள். புகைப்படம் எடுத்து, மறைமாவட்டச் செய்திமடலுக்கும் அனுப்பிவிடுகிறோம். இது நல்ல காரியம்தான். இதைக் குறை சொல்வதற்காக நாம் எழுதவில்லை. ஆனால் இந்த விழாவில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நட்டது என்ன கன்று? அது வளர்ந்து நிற்கும்போது அதை நம்பி யார் வாழ்வார்கள்?

எங்கள் பங்கில் சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிச் சுவரை ஒட்டி வரிசையாகக் கோனோகார்ப்பஸ் கன்றுகளை நட்டோம். விரைவாக வளரும், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும், கத்தரித்துவிட்டால் மதில் போல நிற்கும் என்று நாற்றுப்பண்ணையில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டே ஆண்டில் அது சுவரை மறைத்துக்கொண்டு வளர்ந்தது. குஜராத் அரசு 2023-ஆம் ஆண்டிலேயே இந்த மரத்தை நடுவதற்குத் தடை விதித்திருந்தது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசும் தடை விதித்தது. அதன் பூந்தூளால் மூச்சு ஒவ்வாமை வருகிறது, வேர்கள் நிலத்தடிக் குழாய்களைக் குலைக்கின்றன என்று காரணங்கள் பேசப்பட்டன. செய்தி வந்த பிறகு நடந்த பேரவைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சாமி, மரம் நடுங்கன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப அது ஆகாத மரம்னு சொல்றதும் நீங்கதான். அப்ப எந்த மரம்தான் ஆகும்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கேள்வி சிரித்து மறந்துவிடக்கூடியது அல்ல. அந்தக் கோனோகார்ப்பஸ் வரிசையில் ஒரு குருவிக்கூட்டைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அதே வளாகத்தில், பழைய கிணற்றடியில் யாரும் நடாமல் தானே முளைத்த இச்சி மரம் ஒன்று நிற்கிறது. அது பழுக்கும் நாள்களில் குயில், மைனா, கொண்டைக்குருவி, குக்குறுவான், அணில் என்று ஒரு திருவிழாக் கூட்டமே கூடிவிடும். இரண்டும் மரம்தான். இரண்டும் பச்சைதான். ஒன்று சுவர், இன்னொன்று வீடு.

இன்று மரம் நடுதல் ஓர் அரசியல் செய்தியாகவும் ஆகியிருக்கிறது. தமிழக அரசு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் குறிக்கோள். 2024-இல் பிரதமர், தாயின் பெயரில் ஆளுக்கொரு மரம் நட அழைப்பு விடுத்தார். இலட்சங்களிலும் கோடிகளிலும் கணக்குச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படைப்பு எண்ணிக்கையால் இயங்குவதில்லை. புல், புதர், கொடி, மரம், அவற்றின் அடியிலுள்ள பூஞ்சை, அவற்றைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் பறவை எல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றோடொன்று பழகி, ஒன்றுக்கொன்று இடம்கொடுத்து வாழும் ஒரு சமூகம் அது. ஒவ்வொரு மண்ணுக்கும் அப்படிப்பட்ட ஒரு தாவரச் சமூகம் உண்டு. கன்றுகளை எண்ணி நடுவதும், அந்தச் சமூகத்தைக் காப்பதும் ஒன்றல்ல.

இதைத் திருஅவை சொல்லாமல் விட்டுவிடவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலின் 39-ஆம் எண்ணை எடுத்து வாசித்துப் பாருங்கள். இயற்கைக் காட்டை அழித்துவிட்டு, ஒரே வகை மரங்களால் ஆன தோப்பை அங்கே வைப்பதன் விளைவுகள் போதுமான அளவு ஆராயப்படுவதில்லை என்று திருத்தந்தை கவலைப்படுகிறார். புதிதாக வரும் மரம் அங்கிருந்த உயிர்களுக்கு இடம் தராமல் போகலாம் என்கிறார். நாம் இந்தத் திருமடலைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடத்திவிட்டோம். ஆனால் இந்த ஒரு பத்தி பலர் கண்ணிலும் படவில்லை என்றே தோன்றுகிறது.

இதற்குச் சாட்சி தேடி அமேசானுக்குப் போக வேண்டாம். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகாத குடும்பம் நம் பங்குகளில் குறைவு. மலை ஏறியதும் 'ஆகா, என்ன காடு' என்று வியக்கிறோம். பைன் மரக்காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். தைலமரங்களின் வாசனையை மலையின் வாசனை என்றே நினைக்கிறோம். ஆனால் பழனி மலையின் மேல்தளத்தில் இவை எதுவும் இயற்கையாக இருந்தவை அல்ல. அங்கே இருந்தவை இரண்டு. ஒன்று, மலை மடிப்புகளில் நீரோடையை அணைத்து நிற்கும் சோலைக்காடு. காட்டுச் செண்பகமும் நாவல் இனங்களும் செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசும் பாசி போர்த்தி நிற்கும் குள்ளமான, அடர்ந்த காடு அது. நம் சோலை என்ற சொல்லையே உலகத் தாவரவியலார் அதற்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். மற்றொன்று, மேட்டு நிலமெங்கும் பரந்து கிடந்த புல்வெளி.

அந்தப் புல்வெளிதான் பலியானது. மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணம் அன்றைய ஆட்சியாளர்களுக்கு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு விறகு வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் வாட்டில் என்னும் சீகை மரமும் வந்தன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு இழைக்குத் தைலமரக் கூழும் வேண்டும் என்று, வனத்துறையே ஏராளமான புல்வெளியை உழுது மரம் வைத்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவர்களும் மரம்தான் நட்டார்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று அது காட்டியது. பெரும்பகுதி மரத்தோப்பாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது.

புல்தானே, போனால் என்ன என்று கேட்கலாம். குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையே நீலமாகப் பூக்கும் அந்தச் செடி, வெயில் படும் புல்வெளிச் சரிவுகளில்தான் வாழ்கிறது. பூத்து, தேனீக்களால் மகரந்தச் சேர்க்கை பெற்று, விதை உதிர்த்துவிட்டுச் செடி மடிந்துவிடும். பிறகு மழையில் புதிய கன்றுகள் முளைக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். மேலே சீகை மரம் நிழல் கட்டிவிட்டால் அந்த இடத்தில் குறிஞ்சிக்கு வேலை இல்லை. நம் ஐந்திணையில் முதல் திணைக்கே பெயர் கொடுத்த இந்தச் செடியை, அழிவாய்ப்புள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

வரையாடும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. நம் மாநில விலங்கு அது. 2025-இல் எடுத்த கணக்கின்படி தமிழகத்தில் இருப்பவை 1,303. திருப்பாடல் 104-ஐச் செபிக்கும்போது, உயர்ந்த மலைகள் ஆடுகளுக்கென்றும், மரங்கள் பறவைகளின் கூடுகளுக்கென்றும் ஆண்டவர் அமைத்தார் என்று சொல்கிறோம். ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய இடம் என்பதே அந்தப் பாடலின் ஓட்டம். மலை அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் புல் இல்லாத மலையில் ஆடு எதைத் தின்னும்?

இது ஆட்டோடும் பூவோடும் நிற்கவில்லை. பழனி மலையிலிருந்து இறங்கும் மஞ்சளாறும் மருதாநதியும் வராக நதியும் வைகைக்குப் போகின்றன. சண்முகநதி அமராவதிக்குப் போகிறது. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் நீலகிரியில் ஒரு புல்வெளி நீர்ப்பிடிப்பைத் தைலமரத் தோப்பாக மாற்றிப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. முதல் பத்து ஆண்டுகளிலேயே அங்கிருந்து வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மலையில் எந்தச் செடி நிற்கிறது என்பது, கீழே தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நம் சகோதரிகளின் பிரச்சினையும்தான்.

இங்கே நம் திருஅவையின் பிள்ளைகள் சிலரை நன்றியோடு நினைக்க வேண்டும். செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயேசு சபையார் அருட்தந்தை லூயி ஆங்லாட், அம்மலையின் செடிகளைச் சேகரித்தும் ஓவியமாகத் தீட்டியும் வைத்தார். அவர் வழியில் வந்தவர் அருட்தந்தை கே.எம். மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ரப்பினாட் தாவரக் காப்பகத்தைத் தொடங்கியவர் அவர். கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செடிகள் எவை என்று 1969-லேயே தனிநூலாகப் பட்டியலிட்டார். அன்று இதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1999-இல் வந்தது. 2004-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். ஒரு குருவானவர் தம் வாழ்நாளைப் புல்லுக்கும் பூண்டுக்கும் பெயர் சொல்வதில் செலவழித்தது வீணா என்று அந்நாளில் சிலர் கேட்டிருக்கலாம். இன்று அந்த மலையில் எதைக் காக்க வேண்டும், எதை மீட்க வேண்டும் என்று தேடுகிறவர்கள் அவர் நூல்களைத்தான் புரட்டுகிறார்கள். உயிர்களுக்குப் பெயரிடுவது ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் எல்லா வெளிமரங்களையும் உடனே வெட்டிவிடலாமா? இங்குதான் நிதானம் வேண்டும். தமிழக அரசு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றி ஒரு கொள்கை அறிவித்தது. உயர் நீதிமன்றமும் இவற்றை அகற்றுவது குறித்துத் தொடர்ந்து ஆணைகள் பிறப்பித்துள்ளது. நோக்கம் சரியானது. ஆனால் சீகை மரத்தின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு சரிவை மொட்டையடித்தால், வெயிலும் நெருப்பும் பட்ட அந்த விதைகள் ஒரே நேரத்தில் முளைத்து, முன்னிருந்ததைவிட அடர்ந்து நிற்கும். பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே கோடரி எடுத்துப் போனால் திரும்பி வருகிற சோலையையும் சேர்த்தே அழிப்போம். மிச்சமிருக்கும் புல்வெளியில் நுழையும் இளம் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குவது முதல் வேலையாக இருக்க வேண்டும் என்றே நமக்குப் படுகிறது. இதில் படம் எடுக்கும்படி ஒன்றும் இருக்காது. குனிந்து பிடுங்க வேண்டும், அடுத்த ஆண்டும் போய்ப் பிடுங்க வேண்டும்.

ஏழைகளை விட்டுவிட்டும் இதைப் பேச முடியாது. கொடைக்கானலில் தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்களுக்குச் சீகை மரம்தான் அடுப்பு. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக் கருவேலம் நிலத்தை விழுங்கிவிட்டது உண்மை. கண்மாய்க்குள்ளும் வயலுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. ஆடுகள் காயைத் தின்று விதையை எங்கும் பரப்புகின்றன. ஆனால் விவசாயம் பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. அந்தக் குடும்பங்களில் நம் பங்கு மக்களும் உண்டு. பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரிக்க முடியாது என்பதுதான் திருத்தந்தை பிரான்சிசின் திருமடல் முழுவதும் ஓடும் எண்ணம். கருவேலத்தை அகற்றுகிறவர்கள், கரிமூட்டக்காரர் அடுத்த ஆண்டு என்ன செய்வார் என்பதையும் அதே திட்டத்தில் எழுத வேண்டும். அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் கருவேலமே திரும்ப வரும் என்பது நாம் கண்ணால் கண்டது.

'அந்நிய' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் விசுவாசத்தையே அந்நிய மதம் என்று ஏசுகிற குரல்களைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதனால் இந்தச் சொல் சற்று உறுத்தத்தான் செய்கிறது. வெளியிலிருந்து வந்தது குற்றமல்ல. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவைதான். அவை இல்லாமல் இன்று நம் அடுப்பு எரியாது. அவை தோட்டத்தை விட்டு வெளியேறிக் காட்டை விழுங்கவும் இல்லை. வந்த இடத்தில் வேறு எதையும் வாழவிடாமல் செய்வதுதான் சீமைக் கருவேலத்தின் மேலும் சீகையின் மேலும் உள்ள குற்றச்சாட்டு.

மலையை விட்டு நம் வீட்டு வாசலுக்கு வருவோம். சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று எல்லாருக்கும் வருத்தம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியில் கூடு செய்து தொங்கவிடுகிறார்கள். பெரியவர்கள் செல்பேசிக் கோபுரத்தின் மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் தானியம் தின்னும் அந்தக் குருவியும் தன் குஞ்சுக்கு முதல் நாள்களில் ஊட்டுவது புழு பூச்சிகளைத்தான். புழு எங்கிருந்து வரும்? பெரும்பாலான பட்டாம்பூச்சிகளும் விட்டில்களும் கண்ட இலையில் முட்டையிடுவதில்லை. தாங்கள் பழகிய சில செடிகளில் மட்டுமே இடும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு எருக்கு வேண்டும். மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்கும் பட்டாம்பூச்சிகளுக்கு ஆவாரையும் கொன்றையும் வேண்டும். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலையில் முட்டையிடும் இனங்கள் வேறு. 2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு, மலைக்காட்டிலுள்ள மரவெட்டி மரத்தின் இலையைத் தின்று வளர்கிறது.

உண்ணிச்செடிப் பூவில் எத்தனை பட்டாம்பூச்சி உட்காருகிறது பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், தேன் குடிக்க வருகின்றன. ஆனால் டீக்கடையில் நின்று டீ குடிப்பது வேறு, குடும்பம் நடத்துவது வேறு. பிள்ளை பெற்று வளர்க்க அவற்றுக்கு எருக்கும் ஆவாரையும் வேண்டும். அவற்றை நாம் களை என்று பிடுங்கிவிடுகிறோம்.

பழனி மலை அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் முருங்கையை நாம் எல்லாரும் சாப்பிடுகிறோம். முருங்கைப் பூவில் மகரந்தச் சேர்க்கை நடத்துவதில் பெரும்பங்கு, கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீக்களுடையது. அது கூடு கட்டுவது பட்டுப்போன மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளையிட்டு. நாமோ வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் அகற்றுவது பட்ட மரத்தைத்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் நாட்டு நிழல்மரங்களை எடுத்துவிட்டு வரிசையாகச் சில்வர் ஓக் வைத்தவர்கள் உண்டு. மிளகுக்கொடி ஏற்ற வசதி, மரத்துக்கும் விலை உண்டு என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ளவும் மனமில்லை. ஆனால் காப்பி பூப்பது சில நாள்களே. ஆண்டின் மற்ற நாள்களில் தேனீக்களுக்கு வேறு பூ வேண்டும். மாதத்துக்கு ஒன்றாகப் பூக்கும் பலவகை நாட்டு மரங்கள்தான் அந்தப் பசியை ஆற்றுகின்றன.

கூச்சமான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆல், அரசு, வேம்பு, வில்வம் இவற்றை ஆலய வளாகத்தில் வைக்க நம்மில் பலர் தயங்குகிறார்கள். 'அது அவங்க கோயில் மரம்' என்பார்கள். கீழே யாராவது விளக்கேற்றிவிடுவார்களோ என்ற பயம். சுவருக்குப் பக்கத்தில் ஆல் வைத்தால் சுவர் போகும் என்பது நியாயமான பேச்சு, தள்ளி வைக்கலாம். மற்றதற்கு நியாயமில்லை. அத்தி, ஆல் இனங்கள் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய சிறு குளவி உண்டு. அந்தக் குளவி இல்லாமல் அந்த மரம் காய்த்து விதை தராது, அந்த மரம் இல்லாமல் குளவிக்கு இனப்பெருக்கம் இல்லை. வேறு கனி கிடைக்காத மாதங்களிலும் இவை பழுப்பதால் பறவைகள் உயிர் பிழைக்கின்றன. சக்கேயு ஏறி நின்றதும் ஓர் அத்தி மரம்தான். கடலூர், புதுக்கோட்டைப் பக்கம் பழைய கோயில்காடுகளில் வீரையும் காசாவும் உலக்கைப் பாலையும் இன்னும் நிற்கின்றன என்றால், அந்த ஊர் மக்கள் தெய்வத்துக்கு அஞ்சிக் கத்தி வைக்காமல் விட்டதுதான் காரணம். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்வதில் நம் விசுவாசம் குறைந்துவிடாது.

நம்மிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கல்லறைத் தோட்டம். பெரும்பாலான பங்குகளில் அது ஊருக்கு வெளியே, பல தலைமுறைகளாக உழாமல், கட்டடம் கட்டாமல் கிடக்கும் நிலம். தும்பையும் எருக்கும் ஆவாரையும் நொச்சியும் அங்கே தாமாகவே இருக்கின்றன. அக்டோபர் கடைசி வாரம்தான் அவற்றுக்கு ஆபத்து. நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளுக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். முன்பு அன்பியங்கள் அரிவாளோடு வந்து புல்லறுத்தன. இப்போது ஒரு கேன் களைக்கொல்லி வாங்கி ஒரே ஆளை வைத்துத் தெளித்துவிடுகிறோம். ஒரு வாரத்தில் எல்லாம் பழுத்துக் காய்ந்துவிடும். செலவு குறைவு. மழைக்காலத்தில் முளைத்துப் பூத்து நிற்கும் சிறு செடிகளும், அவற்றின் மேலிருந்த புழுக்களும் அந்த ஒரு வாரத்தோடு முடிந்துபோகும்.

தம் துறவு இல்லத் தோட்டத்தின் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும், காட்டுப் பூக்களும் பூண்டுகளும் அங்கே வளரட்டும் என்று அசிசி நகர் புனித பிரான்சிஸ் கேட்டுக்கொண்டாராம். இதே திருமடலின் 12-ஆம் எண்ணில் திருத்தந்தை இதை நினைவுபடுத்துகிறார். 2025 ஜூலையில் திருத்தந்தை பதினான்காம் லியோ காலத்தில், படைப்பைப் பேணுவதற்கென்றே தனித் திருப்பலி மன்றாட்டுகள் வெளியிடப்பட்டன. நம் பங்குகளிலும் அத்திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம். அதோடு புனிதர் கேட்ட அந்த மூலையையும் ஒதுக்கித் தரலாமே என்று எங்கள் பேரவையில் கேட்டோம். பாதைகளையும் கல்லறைகளைச் சுற்றியும் கையால் அறுப்பது, மேற்குச் சுவரை ஒட்டிய பகுதியை மட்டும் அப்படியே விடுவது, மருந்து தெளிப்பதை நிறுத்துவது. கேட்டது இவ்வளவுதான்.

பாம்பு வரும் என்றார்கள். பாதையை அகலமாக அறுத்து வைத்தால் போதும் என்று ஒருவர் பதில் சொன்னார். கூலிக்கு எங்கே போவது என்றார் பொருளாளர். இளையோர் இயக்கத்தினர் இரண்டு சனிக்கிழமை வந்து அறுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கோனோகார்ப்பசில் கேள்வி கேட்ட அதே பெரியவர் இந்த முறை உடனே எழவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "அந்த மேக்குச் சுவத்துக்குப் பக்கத்துலதான் எங்க அம்மா இருக்காங்க. புதராக் கிடந்தா, அம்மாவைக் கவனிக்காம போட்டுட்டான்னு ஊரு பேசும்."

அவர் சொன்னதை யாராலும் தட்ட முடியவில்லை. அந்த அம்மாவின் கல்லறையைச் சுற்றி எவ்வளவு தூரம் அறுப்பது, எங்கிருந்து விடுவது என்று அவரையே வந்து காட்டச் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு, பேரவையினர் எல்லாரும் அவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவதாக இருக்கிறோம்.